மலைநாட்டு நோயாளிகளுக்குச் செல்போன் வழி உதவி: உருவாக்குவோரும் சோதிப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் பிரஷர், சுகர், காசநோய், சிக்கிள் செல் ரத்தசோகை (சிவப்பணு அரிவாள் வடிவில் மாறும் பரம்பரை நோய்), கர்ப்பகாலக் கவனிப்பு ஆகியவற்றுக்குச் செல்போன் வழியாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவ மாணவர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், மென்பொருள் எழுதுவோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு தாலுகாக்களுக்கும் ஒரே பதில் பொருந்தாது. எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

டிஜிட்டல் சுகாதார உதவி என்றாலே ஆப் தானா?

இல்லை. வாரம் ஒரு எஸ்எம்எஸ், பதிவு செய்த குரலில் வரும் போன் அழைப்பு, மிஸ்டு கால் கொடுத்தால் செவிலியர் திருப்பி அழைக்கும் ஏற்பாடு, வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் கையில் இருக்கும் டேப்லெட் என்று எல்லாமே இதில் அடங்கும். ஆப் அவற்றில் ஒன்று. அதிகச் செலவு பிடிப்பதும், அதிகம் பேர் பாதியில் கைவிடுவதும் அதுதான்.

முதலில் செய்ய வேண்டிய வேலை எது?

சிகிச்சை எந்த இடத்தில் அறுபடுகிறது என்று கண்டுபிடிப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பதிவேட்டைத் திறந்து, மூன்று மாதமாக மாத்திரை வாங்க வராத 20 பேரை எடுங்கள். அவர்கள் வீட்டுக்கே போங்கள். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக யார் போய் வாங்கி வந்தார், என்ன கிழமை, போய்வர எத்தனை மணி நேரம் ஆனது, அன்றைய கூலி போனதா என்று கேளுங்கள். 20 வீடு முடிவதற்குள் நான்கைந்து காரணங்கள் திரும்பத் திரும்ப வந்துவிடும்.

ஓர் உதாரணம். பிரஷருக்குத் தரும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் வேலைநாளில் மாத்திரையைத் தவிர்த்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவார். இவருக்குக் காலை ஏழு மணிக்கு "மாத்திரை போடுங்கள்" என்று நினைவூட்டல் அனுப்பி ஒரு பயனும் இல்லை. அவர் மறக்கவில்லை. மருத்துவர் மருந்தையோ நேரத்தையோ மாற்றினால்தான் தீரும். அந்தச் செய்தியை அவரிடமிருந்து மருத்துவர் காதுக்குக் கொண்டுபோவதுதான் இங்கே போன் செய்யக்கூடிய வேலை.

ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு எழுதுங்கள்: விட்டுப்போகும் காரணம், அதற்கான மாற்று, அந்த மாற்றுக்குப் போன் தேவையா. மூன்றாவது நெடுவரிசையில் "தேவையில்லை" என்று வருவதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இத்தகைய சிக்கலான சிகிச்சை உதவிகளுக்கு 2008-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டியும், இந்த உதவி ஏன் வேலை செய்யும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கத்தான் சொல்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர் வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தத் தன்னார்வலர் ஏற்கெனவே செய்கிற வேலையை உங்கள் ஆப் இன்னொரு முறை செய்யக் கூடாது.

எஸ்எம்எஸ், குரல் அழைப்பு, வாட்ஸ்அப், ஆப்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நோயாளியின் கையில் இருக்கும் போனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், உங்கள் கையில் இருப்பதைப் பார்த்து வேண்டாம். 50 பேரிடம் ஐந்து கேள்வி போதும்: போன் யாருடையது, பட்டன் போனா டச் போனா, போன மாதம் எத்தனை நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தது, எஸ்எம்எஸ் வந்தால் யார் படிப்பார், வீட்டில் எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலும் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசிக் குடியிருப்புகளிலும் குரல் அழைப்புதான் பெரும்பாலும் கைகொடுக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, ரீசார்ஜ் தீர்ந்த போனுக்கும் சில நாள் வரை அழைப்பு வரும். குரல் அழைப்புக்குச் சில கணக்குகள் உண்டு. ஒரு கேள்வி 10 விநாடிக்குள் முடிய வேண்டும். மொத்த அழைப்பு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தேர்வுகள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. "ஒன்றை அழுத்தினால் மாத்திரை போட்டதாகப் பொருள்" என்று சொன்னால், பொருள் காதில் விழுவதற்குள் எண் மறந்துபோகும். "மாத்திரை போட்டிருந்தால், ஒன்றை அழுத்துங்கள்" என்று விஷயத்தை முதலிலும் எண்ணைப் பின்னாலும் சொல்ல வேண்டும். பட்டன் போனில் எண்ணை அழுத்தக் காதிலிருந்து போனை எடுப்பார்கள். அதற்குள் அடுத்த வாக்கியம் ஓடிவிடும், எனவே ஐந்து விநாடி இடைவெளி விடுங்கள்.

தெரியாத எண்ணை யாரும் எடுப்பதில்லை. கடன் கேட்டு, லாட்டரி சொல்லி வரும் அழைப்புகளால் மக்கள் நொந்துபோயிருக்கிறார்கள். சேர்க்கும் நாளிலேயே அழைக்கப்போகும் எண்ணை அவர் போனில் "ஆஸ்பத்திரி நர்ஸ்" என்று சேமித்துக் கொடுத்து, அங்கேயே ஒரு முறை அழைத்துக் காட்டுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்த்தால், பின்னால் எத்தனை முறை அழைத்தாலும் எடுக்காதவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இரண்டாக உடைந்து போகிறதே, ஏன்?

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் பகுதிக்கு 67 வீதம் உடையும், காசும் இரட்டிப்பாகும். கணினி நம் எழுத்தை நாம் எண்ணுவதுபோல எண்ணாது. "மாத்திரை" நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ம, கால், த, புள்ளி, த, இகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று எட்டு.

இந்தச் செய்தியைப் பாருங்கள்: "இன்று மாத்திரை போட்டீர்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2". இடைவெளிகளையும் சேர்த்து 58 இடம், ஒரே எஸ்எம்எஸ்ஸில் போய்விடும். மரியாதைக்காக முன்னால் "வணக்கம் அம்மா, " என்று சேர்த்தால் 15 கூடி 73 ஆகும். உடைந்துவிட்டது. சில பழைய பட்டன் போன்களில் இரண்டாம் பகுதி தனியாக, சில நேரம் முதலில் வந்து நிற்கும். "இல்லை என்றால் 2" என்பது மட்டும் திரையில் கிடந்தால் அவர் என்ன செய்வார்? அதே போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிவதும் உண்டு. சேர்க்கும் நாளிலேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அவர் திரையை உங்கள் கண்ணால் பாருங்கள்.

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாமல் நின்றுவிடும். பரிசோதனை தொடங்கிய பிறகு வாசகத்தை மாற்ற நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லா வாசகங்களையும் மக்களிடம் சோதித்து முடித்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.

படுகு, பணியர் மொழி பேசுகிறவர்களுக்குத் தமிழிலேயே அனுப்பலாமா?

படுகர்களில் பெரும்பாலோர் தமிழ் படிப்பார்கள். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலுள்ள வயதான பெண்களுக்குப் படுகில் குரல் பதிவே நல்லது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும் தங்களுக்குள் பேசுவது அவரவர் மொழியில்தான். கூடலூர், பந்தலூரில் மலையாளமும் ஓடும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் தமிழிலும் சொற்கள் கொஞ்சம் வேறுபடும்.

மொழிபெயர்த்து வாசிக்க வைத்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். அந்தக் குடியிருப்பிலேயே நன்றாகப் பேசக்கூடிய ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, "உங்கள் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்காத இன்னொருவரிடம் போட்டுக் காட்டி, புரிந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "உயர் ரத்த அழுத்தம்" என்பதைவிடப் "பிரஷர்" எல்லோருக்கும் புரியும். "வெறும் வயிற்றில்" என்பதைச் சிலர் கட்டன் சாயா (பாலில்லாத டீ) குடித்தால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். "டீ, காபி எதுவும் குடிக்காமல்" என்று திறந்து சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரே போன். நோயை எப்படி ரகசியமாக வைப்பது?

செய்தியில் நோயின் பெயர், மருந்தின் பெயர், மருத்துவமனைத் துறையின் பெயர் வரவே கூடாது. "உங்கள் நர்ஸ் பேச விரும்புகிறார்" என்பது போதும். காசநோய், ஹெச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு ஆகியவற்றில் இது கண்டிப்பு. அழைப்பை யார் எடுத்தாலும் முதலில் பெயர் சொல்லி ஆளைக் கேட்டு, அவரே முடிவு செய்த நான்கு இலக்க எண்ணை அழுத்திய பிறகே உள்ளே போக வேண்டும். பிறந்த ஆண்டை எண்ணாக வைக்காதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சேர்க்கும்போது "இந்தப் போனை வேறு யார் எடுப்பார், அவருக்குத் தெரிந்தால் பரவாயில்லையா?" என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். கணவர் எதிரில் கேட்டால் பரவாயில்லை என்றுதான் பதில் வரும். இன்னொன்று: பயன்பாட்டில் இல்லாமல் துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு கம்பெனிகள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆளை உறுதி செய்யாவிட்டால், ஒருவரின் சிகிச்சை விவரம் முன்பின் தெரியாதவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சிக்னலே இல்லாத இடத்தில் டேப்லெட் எப்படி வேலை செய்யும்?

ஆஃப்லைனில் எழுதி, சிக்னல் வந்ததும் அனுப்பும்படி கட்ட வேண்டும். சொல்ல எளிது, பிழைகள் இங்கேதான் பதுங்கியிருக்கும். பேட்டரி முழுதாகத் தீர்ந்து மீண்டும் ஏறும்போது சில மலிவு டேப்லெட்டுகளில் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். அன்று எடுத்த பிரஷர் எல்லாம் அந்தத் தேதியில் பதிவாகும். எனவே கருவியின் நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள். அன்றைய தேதியைத் தன்னார்வலர் ஒரு முறை உறுதி செய்யாமல் படிவம் திறக்கக் கூடாது. ஒரே நோயாளியின் விவரத்தை இரண்டு பேர் ஆஃப்லைனில் திருத்தினால் பிந்தி வருவது முந்தியதை அழித்துவிடும். திருத்தங்களை மேலெழுதாமல் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்கில் மின்சாரம் இருக்காது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பவர் பேங்க், தண்ணீர் புகாத உறை, 20 அச்சடித்த காகிதப் படிவம் கொடுங்கள். கேரள டவரைப் பிடிக்கும் எல்லைப் பகுதிகளில் எந்த சிம் எந்த ஊரில் எடுக்கிறது என்று ஒரு வரைபடமே போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பயன்படுத்த எளிதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் காகிதத்தில் திரைகளை வரைந்து காட்டுங்கள். பிறகு வேலை செய்யும் மாதிரியை ஒவ்வொரு வகை ஆளிலும் 5 முதல் 8 பேரிடம், அவரவர் போனிலேயே கொடுத்துப் பாருங்கள். நான்கு வேலை போதும்: திறப்பது, பிரஷர் எண்ணைப் பதிவது, தவறாகப் பதிந்ததைத் திருத்துவது, நர்ஸை அழைப்பது. எத்தனை பேர் உதவியில்லாமல் முடித்தார்கள், எங்கே விரல் தயங்கியது என்று குறியுங்கள்.

"நல்லா இருக்குதுங்க சார்" என்ற பதிலை நம்பாதீர்கள். அது மரியாதை. பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்து, "இவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். புரியாத இடம் தானாக வெளியே வரும். உலகெங்கும் பயன்படும் எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்வி அளவுகோல் 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும், சராசரி 68 என்று கொள்வார்கள். அதில் நேர்மறையும் எதிர்மறையுமாக வாக்கியங்கள் மாறி மாறி வரும். அதிகம் படிக்காதவர்கள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" சொல்லிவிடுவார்கள், மதிப்பெண் 50-க்கு அருகில் வந்து நிற்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் நுனி காய்ப்பேறி, கறை பிடித்து, வெட்டுப்பட்டிருக்கும். கைரேகைப் பூட்டு அவர்களுக்குத் திறக்காமல் போகும், டச் திரையில் சின்னப் பட்டன் பிடிபடாது. பட்டனைக் கட்டைவிரல் அகலத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஈரக் கையோடும் சோதியுங்கள்.

நோயாளி பதில் அனுப்பினால் யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பெயர், வேலை நேரம், மாற்று ஆள் மூன்றும் எழுதாமல் எதையும் தொடங்காதீர்கள். எங்கள் கருத்தில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கென்யாவில் ஹெச்ஐவி மருந்து எடுக்கும் 538 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. வாரம் ஒருமுறை "மாம்போ?", அதாவது "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் எஸ்எம்எஸ் போகும். 48 மணி நேரத்துக்குள் "நலம்" அல்லது "பிரச்சினை" என்று பதில் வர வேண்டும். பிரச்சினை என்றாலோ பதிலே வராவிட்டாலோ மருத்துவப் பணியாளர் போன் செய்வார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் எஸ்எம்எஸ் பெற்ற குழுவில் 62 சதவீதம், பெறாத குழுவில் 50. தென்னிந்தியாவில் ஹெச்ஐவி மருந்து எடுக்கும் 631 பேரில் ஒரு குழுவுக்கு மட்டும் வாராந்திரத் தானியங்கி அழைப்பும் படச் செய்தியும் அனுப்பி 96 வாரம் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நாடு, மருத்துவமனை, நோயாளிகள் எல்லாம் வேறு என்பதால் ஒரே காரணத்தில் முடிச்சுப் போட முடியாது. ஆனாலும் முதலாவதில் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார் என்பதை வடிவமைக்கும்போது மறக்கக் கூடாது.

எல்லைகளையும் முன்பே எழுதுங்கள். வீட்டில் எடுத்த பிரஷர் 180/120-ஐத் தொட்டு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏதேனும் இருந்தால் உடனே 108. அறிகுறி இல்லாவிட்டால் 5 நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் அளவுக்கு, அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. விழுங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் அதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். பதில் வரும் என்று நம்பிப் போனைப் பார்த்துக்கொண்டே ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருந்துவிடுவதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய ஆபத்து.

பலன் இருக்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் வேண்டும்?

முதலில் 30 முதல் 60 பேரிடம் முன்னோட்டம். அதில் பலனைத் தேடாதீர்கள். எத்தனை பேர் சேரச் சம்மதித்தார்கள், எத்தனை அழைப்பு எடுத்தார்கள், மூன்றாம் மாதம் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பாருங்கள். "பாதிப் பேருக்கு மேல் அழைப்பை எடுக்காவிட்டால் நிறுத்திவிடுவோம்" என்பதுபோல் எல்லையை முன்பே எழுதி வையுங்கள்.

முழு ஆய்வுக்குக் கணக்கு இப்படி. பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் 50 சதவீதத்திலிருந்து 65 ஆகும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான 80 சதவீத ஆற்றலுக்கும் (உண்மையில் பலன் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழைக்கும் (இல்லாத பலன் இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு), உதவி பெறும் குழு, பெறாத குழு ஒவ்வொன்றுக்கும் 170 பேர். ஐந்தில் ஒருவர் விலகுவார் என்றால் 213. மேல் பிரஷர் சராசரியில் 5 புள்ளி குறைவைக் காண, சிதறல் (திட்ட விலக்கம்) 15 என்று கொண்டால், 15-ஐ 5-ஆல் வகுத்து வரும் மூன்றின் வர்க்கத்தால் 16-ஐப் பெருக்குங்கள். குழுவுக்கு 144.

யார் எந்தக் குழு என்று ஆளாளாகக் குலுக்கிப் பிரித்தால் மலையில் ஒரு சிக்கல் வரும். லைன் வீட்டில் சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு வரும் குரல் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து வீடும் கேட்கும். எனவே எஸ்டேட்டின் பிரிவான டிவிஷன், ஹட்டி என்று கூட்டமாகக் குலுக்குவது நல்லது. அதற்கு ஆள் அதிகம் வேண்டும். கூட்டத்துக்கு 20 பேர், ஒரே கூட்டத்தாருக்குள் ஒற்றுமை 0.02 என்றால், 19-ஐ 0.02-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்ட, 1.38 மடங்கு. 170 என்பது 235 ஆகும், விலகுபவர்களையும் சேர்த்தால் 294. குழுவுக்கு 15 டிவிஷன், மொத்தம் 30. இவ்வளவு முடியாது என்றால் கேள்வியைச் சுருக்குங்கள், எண்ணிக்கையைச் சுருக்காதீர்கள்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல், முன்னும் பின்னும் அளந்து பார்த்தால் போதாதா?

இந்த மலையில் அது நிச்சயம் ஏமாற்றும். குளிரில் பிரஷர் ஏறும், வெயில் காலத்தில் இறங்கும். ஜனவரியில் அளந்து, ஆப் கொடுத்து, மே மாதம் மறுபடி அளந்தால் ஆப் இல்லாமலே குறைந்திருக்கும். போதாததற்கு, பிரஷர் அதிகம் இருந்ததாலேயே சேர்க்கப்பட்டவர்களுக்கு அடுத்த முறை அளக்கும்போது தானாகவே சற்றுக் குறைவாகத்தான் வரும். எல்லோருக்கும் தர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், டிவிஷன்களைக் குலுக்கல் வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் முறை உண்டு. அதிலும் பருவத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

எதை அளப்பது? எங்கே தவறு நேர்கிறது?

பிரஷர்: மேடேறி வந்தவரை 5 நிமிடம் உட்காரவைக்காமல் அளக்கக் கூடாது. ஸ்வெட்டரை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கையை இறுக்கும், எண் மாறும். கையை ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லி வெறுங்கையில் பட்டையைக் கட்டுங்கள். மேற்கைச் சுற்றளவை டேப்பால் அளந்து பட்டையைத் தேர்ந்தெடுங்கள். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் குறைவாகக் காட்டும், தடித்த கைக்குச் சிறியது போட்டால் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலை மாலை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி. வீட்டு அளவுக்கு வரம்பு 135/85.

குளுக்கோமீட்டர்: பல கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் பிழைக் குறி காட்டினால் கருவி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். கால் மணி நேரம் வெதுவெதுப்பான அறையில் வைத்துவிட்டு எடுங்கள். மழைக்காலத்தில் ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறி எண் தவறும்.

ஹெச்பிஏ1சி: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று எல்லா ஆய்விலும் இதைத்தான் முதன்மை அளவாக வைப்பார்கள். நீலகிரி ஆதிவாசி மக்களிடம் அப்படியே வைக்கக் கூடாது. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் அறியப்பட்டதே 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். சிக்கிள் செல் நோயுள்ளவரின் சிவப்பணு சீக்கிரம் அழிந்துவிடுவதால் இந்த அளவு பொய்யாகக் குறைந்து வரும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் செல் மரபணு பெற்றவர்களிடம் சில பரிசோதனை முறைகள் தடுமாறும். சுகர் நன்றாகக் கட்டுப்பட்டதாக ஆய்வு காட்டும், ஆள் உண்மையில் சுகரோடுதான் இருப்பார். அங்கே வெறும் வயிற்றுச் சர்க்கரையையோ ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமீனையோ வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை எடுத்தாரா என்பது: அவரே சொல்வது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். காசநோய்க்கு வந்த 99டாட்ஸ் முறையில் மாத்திரையைப் பிரித்ததும் அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண் தெரியும், அதற்கு இலவசமாக அழைக்க வேண்டும். அழைத்தவர் எல்லோரும் விழுங்கியதாகவும் சொல்ல முடியாது, அழைக்காதவர் விழுங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மருந்தகத்தில் மறுபடி வாங்கிய தேதியையும் மீதி மாத்திரை எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆக்சிஜன் அளவு: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிட இயல்பாகவே சற்றுக் குறைவாக வரும். சமவெளிக்கு எழுதிய எச்சரிக்கை எண்ணை அப்படியே வைத்தால் நாள் முழுக்க மணி அடிக்கும், பிறகு யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு எடுங்கள்.

அளப்பவர், இவர் எந்தக் குழு என்று தெரியாதவராக இருக்க வேண்டும். நோயாளியிடம் மறைக்க முடியாது, அளப்பவரிடம் மறைக்கலாம்.

வேறு ஊரில் வெற்றி பெற்றதை இங்கே அப்படியே கொண்டுவரலாமா?

தென்கிழக்கு இந்தியாவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதமும், பெறாதவர்களில் 27 சதவீதமும் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். நல்ல ஆய்வு. ஆனால் எல்லோரும் வேலையில் இருந்த ஆண்கள், சொந்தப் போன் வைத்துப் படிக்கத் தெரிந்தவர்கள். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு "தினமும் நடங்கள்" என்று அனுப்பினால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வாசகத்தை இங்கே எழுதுங்கள்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். சிடிஆர்ஐ என்னும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது. கட்டணமும் இல்லை. மருந்தளவைக் கணக்கிட்டுச் சொல்லும், நோயைக் கண்டறியும் மென்பொருள் என்றால் 2017-இன் மருத்துவக் கருவி விதிகளையும் பாருங்கள்.

படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி அருகில் இருந்து முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். எஸ்டேட் மேலாளரையோ மேஸ்திரியையோ சாட்சியாக வைக்காதீர்கள். அவர் எதிரில் "வேண்டாம்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊர்த் தலைவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் தரச் சொல்கிறது. அதில் தமிழும் மலையாளமும் உண்டு, படுகும் பணியர் மொழியும் இல்லை. அவர்களுக்குக் குரலில் சொல்லிப் பதிவு செய்து வைப்பது உங்கள் பொறுப்பு.

ஏஐ சாட்பாட்டை வைத்துப் பதில் சொல்ல வைக்கலாமா?

2020 மார்ச்சில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டி, செயற்கை நுண்ணறிவுத் தளம் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையோ மருந்து எழுதுவதையோ அனுமதிக்கவில்லை. மருத்துவருக்கு உதவலாம். வந்த செய்திகளை அவசரம், சாதாரணம் என்று பிரித்து நர்ஸுக்குக் காட்டும் அளவில் நிறுத்துங்கள். அதிலும் "நெஞ்சு கரிக்குது", "தலை கிர்ருங்குது" போன்ற பேச்சுத் தமிழில் குறைந்தது சில நூறு உண்மையான செய்திகளை வைத்துச் சோதித்து, அவசரமானதை அது எத்தனை முறை தவறவிட்டது என்று எண்ணிப் பார்த்த பிறகே.

நடுவில் பலர் விலகிவிட்டார்கள். மிஞ்சியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாமா?

கூடாது. ஆறு மாதமும் ஆப்பைப் பயன்படுத்தியவர் எப்படியும் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவராகத்தான் இருப்பார். குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதே குழுவில் எல்லோரையும் வைத்துக் கணக்கிடுங்கள். விலகியவர்களில் 15 பேரையாவது நேரில் பார்த்துக் காரணம் கேளுங்கள். சர்வர் பதிவு "கடைசியாகத் திறந்தது மார்ச் 3" என்று மட்டும் சொல்லும். மகன் வேலைக்குத் திருப்பூர் போனபோது போனையும் கொண்டுபோய்விட்டான் என்பதை அம்மாதான் சொல்வார்.

ஆய்வு நடக்கும்போது மென்பொருளில் பாதுகாப்புப் பிழையைத் தவிர எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் தேதியோடு எழுதி வைத்து, முடிவை வெளியிடும்போது சொல்லுங்கள். பலன் இல்லை என்று வந்தாலும் வெளியிடுங்கள். அடுத்தவர் அதே பணத்தை அதே வழியில் செலவழிக்காமல் இருப்பார்.

ஆய்வு முடிந்ததும் என்ன செய்வது?

கடைசி அழைப்புக்கு நான்கு வாரம் முன்பிருந்தே சொல்லத் தொடங்குங்கள். ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டால், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நோயாளி நினைத்துக்கொள்வார். அவருடைய அளவுகளை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள், ஒரு பிரதியை அவர் போகும் சுகாதார நிலையத்தில் சேருங்கள். இனி யாரை அழைப்பது என்று கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும் 104 உதவி எண்ணையும் அவர் போனில் சேமித்துக் கொடுங்கள். "ஆஸ்பத்திரி நர்ஸ்" என்று முன்பு சேமித்த எண்ணை அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் அவசரத்துக்கு அதைத்தான் அழைப்பார்.